‘மனுசனுக்கு’ என்று நான் படித்த பெயர்

என் மகள் வயிற்றுப் பேத்தி ஒருநாள் போனில் அழுதாள்.

"எல்லாச் செல்லும் செத்துப்போச்சு அம்முச்சி."

"அதுக்கு எதுக்குக் கண்ணு அழுகற? சார்ஜ் போடு" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் சொன்ன செல் வேறு. கொச்சிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. மூளை நரம்பில் இருக்கிற செல்களைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பாள், பிறகு அவளே விஷம் வைப்பாள், மறுநாள் எத்தனை மிச்சம் என்று எண்ணுவாள். இந்த வேலைக்குப் பதினெட்டு வருடம் படித்திருக்கிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எலிக்கு நானும்தான் விஷம் வைக்கிறேன், எண்ணிப் பார்த்ததில்லை.

பேத்தி பிறந்து வளர்ந்தது வண்டிப்பெரியாரில். அங்கே தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் வேலை பார்த்தவருக்கு என் மகளைக் கட்டிக் கொடுத்தோம். அதனால் அவள் பேச்சு அவள் அப்பா வழிப் பேச்சு. ‘வாறீகளா, போறீகளா’ என்பாள். நாங்கள் பாலக்காட்டு நல்லேப்பிள்ளிப் பக்கம் நெல் வயல்காரர்கள். ‘ங்க’ போடாமல் கோழியைக்கூட விரட்ட மாட்டோம்.

அந்த ‘ங்க’வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு மறதி நோவு வந்தது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு பக்கத்து வீட்டார், அப்புறம் நான். இப்போது என்னைப் பார்த்தால் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க. எந்த ஊருங்க?" என்கிறார். அம்பது வருடம் சமைத்துப் போட்டும் கிடைக்காத மரியாதை, அவர் என்னை மறந்ததும் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையைக் கடிப்பார்கள்.

சிரிக்கிறது பகலில் இரண்டு நிமிடம். மீதி நேரமெல்லாம் அலுப்பு. சட்டைக்கு மேல் சட்டை போட்டிருப்பார், கழற்ற வேண்டும். சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு, இன்னும் சோறு போடவில்லை என்பார். அவருடைய அம்மா எங்கே என்று கேட்பார். அந்த மாமியாரோடு நான் பட்டதெல்லாம் பட்டு, அவள் செத்துப்போய் நிம்மதியாக இருக்கிற நேரத்தில், தினம் நாலு தடவை அவளைத் தேடித் தர வேண்டியிருக்கிறது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். "இது நோவைத் திருப்பாது, கொஞ்சம் மெதுவாகப் போகவைக்கும்" என்றார். எனக்கு அது பழைய பாசஞ்சர் ரயில் ஞாபகத்தைத் தந்தது. மெதுவாகப் போனாலும் போகிற ஊர் அதேதான்.

போன ஓணம் லீவுக்குப் பேத்தி வந்தாள். இரண்டு பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, உரித்த பருப்பையும் தோலையும் மறுபடி ஒன்றாகக் கலந்துகொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, அந்தச் செல்லு செத்தது உனக்கு எப்படித் தெரியும்? இழவு வீட்டுல சங்கு ஊதறாங்களா?"

"உயிரோட இருந்தா தட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும் அம்முச்சி. செத்தா உருண்டு மேல மிதக்கும்."

"அட, வெதநெல்லு. உப்புத் தண்ணியில போட்டாப் பதரு மெதக்கும். இதுக்குப் போயி பதினெட்டு வருசமா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது அதுதான். பொறுமையாகச் சொன்னாள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குட்டிக் குட்டியாகப் பேட்டரி மாதிரி சில உண்டாம், அதிலிருந்துதான் செல்லுக்குச் சக்தியாம்.

"பேட்டரி வேண்டாம். அடுப்புன்னு சொல்லு, எனக்குப் புரியும்."

"சரி, அடுப்பு. அந்த அடுப்புக்குள்ளயே ஒரு சின்னச் சரடு உண்டாகுது. இருபத்திநாலு மணி கோத்த மாலைன்னு வச்சுக்கிடுங்க. அம்புட்டுச் சின்னது. விஷம் வைக்கும்போது அதையும் சேத்து ஊத்துனா, சாக வேண்டிய செல்லு கொஞ்சம் தப்பிக்குது."

"கத்தரிச் செடிக்கு அடுப்புச் சாம்பல் தூவற மாதிரி."

"ஆமாம்னு வச்சுக்கிடுங்க."

"என்ன வெசம் வெக்கற நீ?"

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டுத் தாத்தாவைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். மறதி நோவு வந்தவர்கள் மூளையில் ஒரு அழுக்குப் படியுமாம். அந்த அழுக்குத்தான் அவள் வைக்கிற விஷம். அந்த நோவில் செத்துப்போன ஒருவருடைய மூளையில், கெடாமல் மிச்சம் இருந்த பாகத்தில்தான் அந்தச் சரடை முதலில் கண்டுபிடித்தார்களாம்.

எனக்கு அதற்குப் பிறகு மொச்சையில் கை ஓடவில்லை. கேலியும் வரவில்லை. ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "அதுக்குப் பேரு என்ன? கோயில்ல நாலு பேருகிட்ட எம்பேத்தி பெருமையச் சொல்லோணும், எழுதிக் குடு" என்றேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத மலையாளம்தான் வரும். மலையாளத்தில் எழுதிக் கொடுத்தாள்.

நான் மலையாளம் படித்தது பிள்ளைகள் பெரிதான பிறகு, பஞ்சாயத்து எழுத்தறிவு வகுப்பில். அந்த மொழியில் கடைசி எழுத்தின் தலையில் ஒரு பிறை போட்டால் அரை ‘உ’ சேர்த்து இழுக்க வேண்டும். ‘பசுவினு புல்லு’ என்று எங்கள் பாடத்தில் இருந்தது. பசுவுக்குப் புல். ‘வீடினு’ என்றால் வீட்டுக்கு. இது பாலக்காட்டில் ஆடுமாட்டுக்கும் தெரிந்த சங்கதி. பேத்தி அவசரத்தில், வெறும் ‘ன்’ எழுத வேண்டிய கடைசி இடத்தில், அதன் மேல் பிறையும் போட்டிருந்தாள். அவள் எழுத நினைத்தது ‘ஹ்யூமனின்’. நான் எழுத்துக் கூட்டிப் படித்தது ‘ஹ்யூமனினு’.

ஹ்யூமன் என்றால் மனுசன் என்பது எனக்கே தெரியும். அப்போ ஹ்யூமனினு என்றால் மனுசனுக்கு.

பசுவுக்குப் புல், மனுசனுக்கு இது. பேரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், இந்தப் பெண் தட்டில் ஊற்றி வீணாக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று கேட்கவில்லை. உண்மை அதுதான்.

அவள் ஊருக்குப் போனதும் தாளை என் மகனிடம் கொடுத்தேன். நாங்கள் இருப்பது அவனோடுதான். மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறான், வீட்டில் நாலு மாடும் உண்டு. போனில் தேடி, படத்தோடு ஒன்றைக் காட்டினான். கண்ணாடிக் குப்பி, கீழே முழுக்க இங்கிலீஷ்.

"என்னடா போட்டிருக்குது?"

"ரிசர்ச் யூஸ் ஒன்லின்னு போட்டிருக்குதுங்கம்மா."

"அப்படீன்னா?"

"நல்லா ரிசர்ச் பண்ணி, யூஸுக்கு விட்டிருக்கறாங்கன்னு அர்த்தமுங்க."

"ஒன்லின்னா?"

"இது ஒண்ணுதான் ஒரிஜினலுன்னு."

எனக்கு வேண்டிய பதிலாக இருந்ததால் நான் மேலே தோண்டவில்லை. அவனும் அப்படித்தான் படித்திருப்பான். அவன் அப்பா அவனைப் பார்த்து, "தம்பி, தீவனக்கடைக்கு எந்தப் பக்கம் போகோணுங்க?" என்று கேட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வழி சொல்லி அனுப்பினானாம். பிறகு கடைக்குள் போய் முகத்தைக் கழுவினானாம். மருமகள்தான் சொன்னாள்.

மகன் போனிலேயே பணம் கட்டினான், பார்சல் வந்தது. பெரிய பெட்டி, அதற்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு, அதற்குள் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி. ரப்பர் மூடி. அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. எரிந்த கற்பூரம் கற்பூரத் தட்டில் விட்டுப்போகிற அளவுதான். இதைக் குளிரில் வைக்க வேண்டும் என்று பேத்தி சொன்னது ஞாபகம் இருந்தது. ஒரு டம்ளரில் போட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அன்றைக்குப் பகலெல்லாம் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். இவர் எனக்குப் பின்னால் நின்று, "ஏனுங்க, உள்ள யாரு இருக்கறாங்க?" என்று கேட்டார். "உங்கம்மா" என்றேன். அலுப்பில் வந்த வார்த்தை. அவர் பயபக்தியோடு ஃப்ரிட்ஜுக்கு வழிவிட்டு நின்றார்.

மறுநாள் காலையில், எங்கள் தெருவில் இருக்கிற ரிட்டயர் ஆன நர்சம்மாவைக் கூப்பிட்டோம். மலையாளத்துக்காரி, தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை ஊசி அவள் கைதான். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி மாற்றிப் பார்த்தாள்.

"அம்மே, இதுல டோஸ் எழுதிட்டில்லல்லோ. எத்தர எடுக்கணும்? எதுல கலக்கணும்?"

"பேருலயே மனுசனுக்குன்னு எழுதியிருக்குது சேச்சி" என்று காலண்டர் தாளைக் காட்டினேன்.

அவள் தாளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "டாக்டர் சீட்டு உண்டா?"

"பேத்தியே டாக்டருக்குத்தான் படிக்கறா."

"அது வேற டாக்டர் அம்மே. ஞான் குத்த மாட்டேன்" என்று குப்பியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனாள்.

மகன் பேசாமல் மாட்டுக் கொட்டகைக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் புது ஊசியும் சிரிஞ்சும் இருந்தன. மாடுகளுக்கு அவனே போடுவான், நன்றாகவே போடுவான், மாடு வாலைக்கூட ஆட்டாது.

"மாட்டுக்குப் போடறனுங்க, அப்பனுக்குப் போட மாட்டனா? காச்சி ஆத்தி வெச்ச தண்ணி கொஞ்சம் எடுங்கம்மா."

நான் கிளப்பிவிட்ட மாடு, இப்போது அது என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. "பொறு, எத்தன சொட்டுன்னு பேத்திகிட்டக் கேட்டுக்கலாம்" என்று ஒரு சாக்குச் சொல்லிப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்முச்சி, அத யாரும் தொடாதீக. மாமா அங்க இருக்காகளா? மாமா, ஊசியக் கீழ வைங்க."

"ஏம்மிணி, மனுசனுக்குன்னுதான போட்டிருக்குது?" என்றேன்.

"ஹ்யூமனினு இல்ல அம்முச்சி, ஹ்யூமனின். அது வெறும் பேரு. அந்தக் குப்பி மேல என்ன போட்டிருக்கு தெரியுமா? ஆராய்ச்சிக்கு மட்டும், மனுசனுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கும்."

மகன் குப்பியைத் திருப்பிப் பார்த்தான். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. அவன் உதடு அசைந்தது.

"எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்காக. மருந்துன்னு சொல்லி மனுசனுக்கு இன்னும் யாரும் கொடுக்கல. அந்தப் பொடி சுத்தமானதான்னு தெரியாது. சொன்ன பொருள்தானான்னே தெரியாது. ரத்தத்துல போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது மாமா. சாக இருக்கிற செல்லைக் காப்பாத்தும், சரி. எந்தச் செல்லைக் காப்பாத்தணும்னு அதுக்குத் தெரியாதே. உடம்புல சாகவேண்டிய கெட்ட செல்லும் உண்டுல்ல, அதையும் சேத்துக் காப்பாத்திருச்சுன்னா?"

"சும்மா இப்படியே இருக்கறதுக்கு ஒருக்கா போட்டுப் பாக்கறதுல என்ன கெட்டுப்போகுது?" என்றான் மகன். "உனக்கு அவரு ஓணத்துக்குப் பாக்கற தாத்தா. எனக்கு அவரு தெனமும் வழி கேக்கறாரு."

"எங்க கூடத்துல நான் தப்புப் பண்ணா ஒரு தட்டு போகும், அடுத்த வாரம் வேற தட்டு வைப்பேன். வேற தாத்தா எங்கேருந்து கொண்டு வாறது?" என்றாள் பேத்தி.

போன் வைத்தாகிவிட்டது. மகன் ஊசியைக் கீழே வைக்கவில்லை. அவன் என்னைப் பார்க்கிறான், நான் குப்பியைப் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று வருடமாகக் கை வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது, பேசிப் பேசித் தாடை வலிக்கிறது. நடக்கிறது நடக்கட்டும் என்று ஒரு நொடி எனக்கும் தோன்றியது. இதை மகனிடம் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் ஊசியைப் பார்த்துவிட்டார்.

"யாருக்குங்க ஊசி?"

மகன் சொன்னான், "உங்களுக்குத்தானுங்கப்பா."

"எனக்கா? எனக்கு என்ன நோவுங்க?"

மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படிக்கு வந்து நின்றாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. டாக்டரிடம் சொன்னோம், சொந்தத்தில் சொன்னோம், தெருவில் சொன்னோம், பேத்தியின் தட்டுவரைக்கும் சேதி போயிருக்கிறது. நோவு யாருக்கு வந்ததோ அவரிடம் மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உங்களுக்கு மறந்து மறந்து போகுதுங்க" என்றேன்.

"அப்படீங்களா?" அவர் யோசித்தார். "எத்தன நாளாங்க?"

"மூணு வருசமா."

அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுதான் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்களா? எனக்கு யாரும் சொல்லலீங்களே." கண் நிறைந்துவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டி, மகனிடம் கையை நீட்டினார். "போட்டு உடுங்க தம்பி. நல்லாயிருமுங்களா?"

அந்தக் கையில் தோல்தான் இருந்தது. மகன் அந்தக் கையைப் பிடித்தபடி நின்றான். எத்தனை நேரம் என்று தெரியாது, கொட்டகையில் ஒரு மாடு கத்தி ஓய்ந்தது. "தெரியலீங்கப்பா" என்றான். சுருட்டிய சட்டைக் கையை அவனே இறக்கிவிட்டுப் பித்தானைப் போட்டான். ஊசியை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனான். அன்றைக்குக் கடை திறக்கவில்லை. என்னோடு நாலைந்து நாள் பேசவும் இல்லை. நான் அவனைத் தப்புச் சொல்லவில்லை. தப்பாகப் படித்தவள் நான், மாட்டு ஊசியோடு நிற்க வேண்டி வந்தது அவனுக்கு.

ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை நாள் அவருக்குத் தெரியாமல் மறைத்தோமே, இனிமேல் கேட்டால் உண்மையையே சொல்லிவிடலாம், அது அவருக்கு நாம் தருகிற மரியாதை என்று. மறுநாள், "எனக்கு ஏனுங்க தலையெல்லாம் ஒரே மப்பா இருக்குது?" என்றார். சொன்னேன். அழுதார். இரண்டு நாள் கழித்துக் கேட்டார். சொன்னேன். அன்றைக்கும் அப்போதுதான் முதல் தடவை கேட்கிறவர் மாதிரி அழுதார். மூன்றாவது தடவையும் அப்படியே. கால் மணி நேரத்தில் அழுதது அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. நோவு தெரியாதவரிடம் நோவைச் சொல்லுகிறது, ஒவ்வொரு தடவையும் புதிதாக நோவைக் கொடுக்கிற மாதிரி. பேத்தியாவது ஒரு தட்டுக்கு ஒரு தடவைதான் விஷம் வைக்கிறாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த மாதம் பேத்தி வந்தாள், குப்பியை வாங்கிக்கொண்டு போகவென்றே வந்தாள். சாக்கடையில் ஊற்றக் கூடாதாம், வயலில் போடக் கூடாதாம், அவர்கள் கூடத்தில்தான் ஒழிக்க வேண்டுமாம். ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்கில் இறக்கி மூடினாள்.

"ஒரே ஒரு கேள்வி கண்ணு" என்றேன். "உன்ர தட்டுல அது காப்பாத்துதா, இல்லியா?"

"சில தடவ காப்பாத்துது அம்முச்சி. ஒரு நாளு, ரெண்டு நாளு. சில தடவ ஒண்ணுமே இல்ல. ஏன்னு தேடத்தான் அங்க உக்காந்திருக்கேன்."

"ரெண்டு நாளே போதுமுன்னு ஒருத்தி கேட்டா?"

அவள் ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு மூடியை இன்னொரு தடவை இறுக்கினாள். "போ, பஸ்ஸு வந்துரும்" என்றேன்.

அவள் போன பிறகு இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு யாருங்க?"

"நம்ம பேத்திங்க."

"என்ன வேலைங்க பாக்குது?"

"மறதி நோவுக்கு மருந்து தேடறாங்க."

"நல்ல வேலைங்க. யாருக்குங்க அந்த நோவு?"

"ஊருல யாருக்கோ" என்றேன்.

தலையை மெல்ல ஆட்டினார். "பாவமுங்க. அவிங்க ஊட்டுல இருக்கறவிங்க பாடு."

"ஆமாங்க" என்றேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது, அரிசி போட எழுந்து போனேன்.